ஜனவரித் தாள்

மழைக்காலம் வந்தால் எல்லோரும் குடையைத் தேடுவார்கள். ஜாபேஸ் கேமராவைத் தேடுவான். வாரநாளில் இன்சூரன்ஸ் ஆபீஸில் கிளார்க். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஊர்சுற்றி. ஐப்பசி தொடங்கி மார்கழிவரை தூத்துக்குடியில் ஒரு தெருவை விட்டுவைக்கவில்லை. தண்ணீர் தேங்கிய சந்தில் மாவு மூட்டை சுமக்கிறவர், பனியில் உப்பு லாரிமேல் தூங்குகிறவர், டீக்கடைத் தகரத்தின் கீழ் ஒண்டும் மீன்காரிகள். யாரிடமும் கேட்டுவிட்டு எடுப்பதில்லை. கேட்டால் போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிற மாதிரி விறைத்து நிற்பார்களாம்.

அப்படி எடுத்ததுதான் அந்தக் குடைப் படம். பஸ் ஸ்டாண்டு வாசலில் முழங்கால் தண்ணீர். ஒரு பெண் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வாய்விட்டுச் சிரிக்கிறாள். குடை பிடித்த பையன், தான் நனைந்தபடி அவளையே பார்க்கிறான். சபையின் புத்தாண்டுக் காலண்டருக்குப் படம் கேட்டபோது ஜாபேஸ் முதலில் அதைத்தான் கொடுத்தான். ஜனவரித் தாளில், கர்த்தர் நிழல் தருவதைப் பற்றிய வசனத்தோடு அச்சானது. அவனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம், படம் எடுத்தவன் யாரென்று சபையில் விசாரித்து, அந்தப் பெண் ஆபீஸுக்கே வந்து நின்றாள். பெயர் ஜெப்ஸி. சொந்த ஊர் சாத்தான்குளத்துக்குப் பக்கம். இங்கே ஷிப்பிங் கம்பெனியில் வேலை, ஹாஸ்டலில் வாசம்.

"அண்ணே, உங்க காலண்டர நானே எங்க வீட்டுல கொண்டு குடுத்திருக்கேன். பிரிச்சுப் பாக்காமலே. நேத்து ஹாஸ்டல் சுவத்துல பாத்தப்பதான் தெரிஞ்சிது."

பழைய வருஷத்தில் புதுக் காலண்டரைப் பிரிக்கக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். வருஷப் பிறப்பு ஆராதனைக்குப் போய்வந்து, ஜெபம் பண்ணித்தான் அப்பா சுவரில் மாட்டுவார். அதுவரை ரப்பர் பேண்டோடு பீரோமேல் கிடக்கும்.

"படத்துல கொடை பிடிச்சிருக்கிற கிளைட்டன் தோணியில வேலைக்குப் போறவன். அவங்க சாதி வேற, நாங்க வேற. எங்க பெரியப்பா மகளும் இப்படித்தான் ஒருத்தன விரும்புனா. வயித்துவலின்னு சொல்லி அவளப் பொதைச்சாங்க." அவள் வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "அத மாத்தாம நான் ஊருக்குப் போவமாட்டேன்."

தானே போய் மாற்றிவிட்டு வருவதாக ஜாபேஸ் சொன்னான். அவள் சிரிப்பைத் திருடி ஊருக்கெல்லாம் விநியோகித்தவன் அவன்தானே.

வருஷக் கடைசி நாள் காலையிலேயே வேறொரு சபையின் காலண்டரோடு அவள் ஊருக்குக் கிளம்பினான். அவள் அப்பா தேவபிரசாதம், ரிட்டையர்டு வாத்தியார், சாந்தமான மனுஷன். காபி வந்தது, கேக் வந்தது. காபியைக் குடித்துவிட்டு ஜாபேஸ் பேச்சை எடுத்தான்.

"சபையில இருந்து வாரேன் சார். போன தடவ குடுத்த காலண்டர்ல தேதி தப்பா விழுந்துட்டு. வேற கொண்டு வந்திருக்கேன்."

"மனுஷன் செய்யிற வேலதானே தம்பி." அவர் பீரோமேல் இருந்த சுருளை எடுத்துத் தந்தார். ரப்பர் பேண்டு அப்படியே இருந்தது. "எம்மவ சாயங்காலம் வாரா. வந்ததும் புதுசப் பிரிப்போம்."

தெருமுனை திரும்பியதும் ஜெப்ஸிக்குப் போன் போட்டான். "கெடச்சிட்டும்மா. தைரியமா ஊருக்குப் போ." அந்தப் பக்கம் அவள் அழுதாள்.

திரும்பும் பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. சாயங்காலம் தூத்துக்குடியில் இறங்கியபோதுதான், படத்தை இன்னொரு தடவை பார்க்கலாமே என்று ஆசை வந்தது. ரப்பர் பேண்டைக் கழற்றினான்.

முதல் தாள் பிப்ரவரி. ஜனவரியைப் பிளேடால் சுத்தமாக அறுத்து எடுத்திருந்தார்கள்.

போனை எடுத்தான். லைன் கிடைக்கவில்லை. மறுபடி, மறுபடி அழுத்தினான்.

"ஏளா, எங்கன இருக்கே? பஸ்ஸ விட்டு எறங்காதே!"

"என்னண்ணே? சரியா கேக்கல. எறங்கிட்டேன். அப்பாவே ஸ்டாப்புக்கு வந்திருக்காங்க, பாத்தீங்களா!"

"ஜெப்ஸி, அவர் பாத்துட்டாரு! ஓடு..."

அதற்குள் அந்தச் சாந்தமான குரல் போனில் அவள் பக்கத்தில் கேட்டது.

"வா மக்ளே. பையக் குடு. போனையும் குடு."