பூனைக்குச் சொன்ன குறைகள்

பூனை குறுக்கே போனதற்காக ஷிஃப்டுக்கே தாமதமாகப் போன மனிதர், பட்டாபிராமில் துலுக்கானம் ஒருவராகத்தான் இருப்பார். வாசலைத் தாண்டும்போது ஒரு வால் தெரிந்தால் போதும். திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டி ரிட்டயர் ஆகும்வரை இந்த விஞ்ஞானத்தை அவர் கைவிடவில்லை.

அப்பேர்ப்பட்டவர் வீட்டுக்குத்தான் மகள் காவ்யா ஒரு பூனையைக் கொண்டுவந்தாள். வயதான பிராணிகளைக் காப்பாற்றும் குழு ஒன்றில் அவள் ஞாயிற்றுக்கிழமைத் தொண்டர். பூனைக்குப் பன்னிரண்டு வயது, ஒரு கண்ணில் புரை, வாயில் எண்ணி நாலு பல். வளர்த்தவர்கள் புது ஃப்ளாட்டுக்குப் போகும்போது கிழிந்த கால்மிதியைக்கூட வண்டியில் ஏற்றிக்கொண்டு, இதை மட்டும் மறந்துவிட்டார்கள்.

"ஃபாஸ்டர் நைனா. யாராச்சும் தத்து எடுக்கற வரிக்கும் நம்ம ஊட்ல இருக்கும். ரெண்டே வாரம்."

"பதினஞ்சாவது நாள் இது இங்க இருந்துச்சு, நான் இருக்க மாட்டேன்" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார் துலுக்கானம். தினசரிக் காலண்டரில் அந்தத் தேதியின் மூலையை மடித்தும் வைத்தார். பெயர் வைத்தால் பாசம் வந்துவிடுமாம். அதனால் வெறும் "யோவ்" என்றுதான் கூப்பிட்டார்.

மடித்த தாளைக் கிழித்துப் போட்டு மூன்று மாதம் ஆகிறது. யோவும் இருந்தது, துலுக்கானமும் எங்கேயும் போய்விடவில்லை. பூனை நாளைக்கு நாற்பது தடவை குறுக்கே போனது. தண்ணீர் குடிக்கிற சாஸ்திரத்தைச் சத்தமில்லாமல் மூட்டை கட்டி வைத்துவிட்டார். ஆவடி மார்க்கெட்டில் சங்கரா மீன் வாங்கிவந்து, கண்ணாடி மாட்டிக்கொண்டு முள் எடுத்து, "சனியன், எப்ப போய்த் தொலையும்" என்றபடியே ஊட்டினார். மத்தியானம் அது அவர் தொப்பைமேல் தூங்கும். அது முழித்துவிடுமே என்று மூத்திரத்தைக்கூட அடக்கிக்கொண்டு கிடப்பார்.

இந்த நிலையில்தான் பூனையைப் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கொடுக்க மாட்டேன் என்று சொன்னால் தெருவில் மானம் போகும். கொடுத்தால் பூனை போகும். ஆகவே வருகிறவர்களிடம் குறை சொல்ல ஆரம்பித்தார். அவருக்குக் கற்பனை வளம் கொஞ்சம் கம்மிதான், ஆனாலும் எங்கிருந்தோ கொட்டியது.

"கொறட்ட விட்டா கூட்ஸ் வண்டி போற மாரி கீதும்மா. நேத்து கொழம்ப தொடாது. குளிக்க சொன்னா சீறும். மாத்திர குடுத்தா முழுங்கனாப்பல நடிச்சிட்டு கட்டிலாண்ட துப்பிடும். சொந்தக்காரங்க வந்தா மூஞ்ச திருப்பிக்கும்."

காட்டுப்பாக்கத்திலிருந்து வந்த தம்பதி காபி ஆறுவதற்குள் எழுந்து போனார்கள். அடுத்து வந்தவர்கள் செருப்பையே கழற்றவில்லை.

காவ்யா பொய் சொல்லத் தெரியாத ஜென்மம். குறையை மறைத்துத் தத்துக் கொடுக்கக் கூடாதே என்று, அப்பா அடுக்கிய குறைகளை வரி விடாமல் குழுவின் இணையப் பக்கத்தில் எழுதிப் போட்டாள். அதைப் படித்துவிட்டுத்தான் கரையான்சாவடியில் தையல் கடை வைத்திருக்கும் இஃபத் கூடையோடு வந்தாள்.

"இந்த மாரி பூனைய யாரும் எடுக்க மாட்டாங்கண்ணே. அதான் நான் வந்தேன்."

குறட்டையா? தையல் மிஷின் சத்தத்தில் கேட்காது என்றாள். மாத்திரையா? மீனில் புதைத்துக் கொடுத்துவிடுவாளாம். மூஞ்சைத் திருப்புமா? "வயசாயிடுச்சு, கோவம் இருக்கத்தான் செய்யும்" என்றாள். நல்ல பெண். அதைத்தான் துலுக்கானத்தால் தாங்க முடியவில்லை. யோவ் வேறு அவள் கையை மோந்து பார்த்துவிட்டுத் தலையைக் கொடுத்தது.

பிறகு யோவ் சோம்பல் முறித்து, வாசலைக் கடந்து அந்தப் பக்கம் போனது.

"பாத்தியாம்மா! பூன குறுக்க போயிடுச்சு. இன்னிக்கி எட்த்துகினு போனா வெளங்காது."

"அண்ணே, நான் எடுத்துகினு போறதே அந்தப் பூனையதான்."

சமையலறையிலிருந்து அவர் மனைவி தாயம்மா வந்தாள். உள்ளங்கையில் தூசி ஒட்டிய பிரஷர் மாத்திரைகள் ஆறு.

"கட்டிலாண்ட பெருக்கினதும்மா. இன்னா, பூனைக்கு பிரஷரா? கொறட்ட, குளிக்காம கெடக்கறது, எங்கண்ணன் வந்தா மூஞ்ச திருப்பறது, எல்லாம் முப்பத்தாறு வருசமா நான் கட்டிகினு அழற இந்த ஆளு. பூன தங்கம்."

காவ்யா வாயைப் பொத்திக்கொண்டாள். இஃபத் கூடையைக் கீழே வைத்தாள்.

"இப்ப சொல்லுங்கண்ணே. குடுக்கறீங்களா, இல்லியா?"

துலுக்கானம் போய் யோவைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார்.

"குடுக்க மாட்டேம்மா. ரிட்டயர் ஆனதுலேர்ந்து, நான் எப்ப வருவேன்னு வாசல்ல பாத்துகினு கீறது இது ஒண்ணுதான். தெருவுல சிரிக்கறவன் சிரிச்சிட்டு போட்டும்."

இஃபத் சிரித்தபடி கூடையை மூடினாள். தாயம்மாவிடம், "இத்தினி கொறையோட எப்டிக்கா முப்பத்தாறு வருசம் வெச்சிகினு கீறீங்க?" என்றாள்.

"நானும் ஃபாஸ்டர்னுதாம்மா வெச்சேன்" என்றாள் தாயம்மா. "கேட்டு ஒருத்தரும் வரல."