பிராட்ஸ்கி உட்காரும் விதம்

இஸ்ஸி வாக்ஸ்மன் ஐந்து வருடங்களாக ஒரு நாற்காலியை வைத்துத்தான் பிழைத்துக்கொண்டிருந்தார்.

பொல்லாத நாற்காலி அது. டெலிவிஷன் தொடரில் வரும் நியூயார்க் போலீஸ் ஸ்டேஷனில், கம்பிக் கூண்டுக்கும் ஜன்னலுக்கும் நடுவே கிடக்கும். நியூயார்க் என்பது பேருக்குத்தான். நிஜத்தில் அந்த ஸ்டேஷன் லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்டுடியோ ஒன்றில் மூன்று ஒட்டுப்பலகைச் சுவர்களுக்குள் அடங்கிவிட்டது. நான்காவது சுவர் இருக்கவேண்டிய இடத்தில் காமிராக்கள், அவற்றுக்குப் பின்னால் இலவச டிக்கெட்டில் வந்து உட்கார்ந்த ஜனங்கள். வெள்ளிக்கிழமை தோறும் அவர்கள் முன்னால் நாடகம் மாதிரி நடித்துத்தான் படம் பிடிப்பார்கள்.

கதைப்படி நாற்காலி துப்பறியும் அதிகாரி பிராட்ஸ்கியுடையது. பிராட்ஸ்கியாக நடிப்பவர் இஸ்ஸி. வேறு யார் உட்கார்ந்தாலும் அது தடாலென்று கவிழ்த்துவிடும். திருடன் விழுந்திருக்கிறான், கமிஷனர் விழுந்திருக்கிறார், உண்டியல் களவு போனதென்று புகார் கொடுக்க வந்த பாதிரியார் விழுந்திருக்கிறார். பிராட்ஸ்கி மட்டும் இடது குதிகாலை ஊன்றி, இடப்பக்கம் லேசாகச் சாய்ந்து, மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி பதவிசாக உட்காருவார். இது நடிப்பில்லை. ஒரு காலைக் குட்டையாக அறுத்து அந்த நாற்காலியைச் செய்த தச்சரே அதில் ஒருமுறை உட்கார்ந்து பல்லை உடைத்துக்கொண்டிருக்கிறார்.

இந்தத் தொழிலில் சிரிப்புக்கு நிற்பது என்று ஒன்று உண்டு. வசனம் சொன்னதும் ஜனங்கள் சிரிப்பார்கள், அந்தச் சத்தம் ஏறி இறங்கும்வரை நடிகன் வாயைத் திறக்கக்கூடாது. எவ்வளவு நேரம் நிற்பது என்று காதுக்குத் தெரிய வேண்டும். இஸ்ஸியின் காது அந்தக் காலத்து மலிவுக் கொட்டகைகளில், நாய் வித்தைக்கும் கத்தி வீச்சுக்கும் நடுவே ஏறிப் பேசிப் பழுத்த காது. மேடையில் அவர் நின்று சிரிப்பு வராமல் போனதில்லை. "வராத அன்னிக்கு நான் செத்துட்டேன்னு அர்த்தம். டாக்டர் வேண்டாம், நேரா தூக்கிட்டுப் போயிடுங்க" என்பார்.

அப்படிப்பட்டவருக்குத் தன் சாவுச் செய்தியைத் தானே வாசிக்கும்படி ஆயிற்று.

திங்கட்கிழமைகளில் எல்லோரும் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பேகல் ரொட்டியைக் கடித்துக்கொண்டு அந்த வாரத்து வசனத்தைச் சத்தமாக வாசிப்பது வழக்கம். எழுதுபவன் மார்வின் ட்ரெஸ்னர். நாற்பது வயது, நகம் கடிக்கிற ஆசாமி. எதையும் கடைசி நேரத்தில்தான் கொண்டுவருவான், ஆகவே முன்கூட்டிப் படித்துப் பார்க்க யாருக்கும் வழியில்லை. இஸ்ஸி தன் வரிகளை வாசித்துக்கொண்டே போனார். துணிக்கடைப் பொம்மையைத் துணைக்கு வேண்டுமென்று திருடிக்கொண்டு போனவனை பிராட்ஸ்கி விசாரித்தார். பொம்மைக்கும் சேர்த்துக் காபி வாங்கிக் கொடுத்தார். மேசை குலுங்கியது. அப்புறம் ஒரு பக்கத்தைத் திருப்பினால், டேல் ஹாலண்ட் என்ற வாட்டசாட்டமான இளம் நடிகன் புது அதிகாரியாக வந்து நின்றான். கடைசிப் பக்கத்தில் பிராட்ஸ்கி அவனிடம், "இடப்பக்கம் சாஞ்சு உக்காரு, தம்பி" என்று நாற்காலியின் ரகசியத்தைச் சொல்லிவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

இஸ்ஸி தாளைக் கீழே வைத்தார்.

"மார்வின், ஒரு சந்தேகம். கடைசியில பிராட்ஸ்கி வெளிய போறானே, எங்க போறான்? பாத்ரூமுக்கா?"

"ரிட்டயர் ஆயிட்டான், இஸ்ஸி."

"எத்தனை வாரத்துக்கு?"

யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் திடீரென்று பேகலின் மேல் அக்கறை வந்துவிட்டது.

மார்வினை அவர் தாழ்வாரத்தில் மடக்கினார். மார்வின் நகத்தைக் கடித்தபடி நியாயம் பேசினான். "சேனல்காரங்களுக்கு இளசா ஒரு மூஞ்சி வேணுமாம். நான் ரெண்டு மாசம் சண்டை போட்டேன், இஸ்ஸி. கடைசியில, அனுப்பறதா இருந்தா மரியாதையா அனுப்பறேன்னு சொன்னேன். யோசிச்சுப் பாருங்க, போலீஸ் ஸ்டேஷனுக்கு எவனாவது சந்தோஷமா வர்றானா? அவனவன் வாழ்க்கையிலயே மோசமான நாள்லதான் வர்றான். அவனை வச்சுத்தான் நாம காமெடி பண்றோம். அப்பப்ப அதுக்கு வட்டி கட்டணும். ஜனங்க ஒரு நாளாவது அழணும்."

"வட்டி கட்ட உனக்கு என் தலைதான் கெடச்சுதா?"

"நல்ல காட்சி, இஸ்ஸி."

"நல்ல சவப்பெட்டின்னு சொல்லு. உள்ள பட்டுத்துணி போட்டிருக்கே, ரொம்ப தேங்க்ஸ்."

இந்தத் தொடர் கிடைப்பதற்கு முன்னால் பல வருடம் அவரைச் சீந்த ஆளில்லை. ஒரு செருப்புக் கடையில் ஜனங்களின் பாதத்தைப் பிடித்து அளவெடுத்தார். குனிந்தபடி ஜோக் சொல்லுவார். மேலேயிருந்து சிரிப்பு வராது, "கொஞ்சம் இறுக்கமா இருக்கு" என்றுதான் வரும். மறுபடி அங்கே போக அவரால் முடியாது. பசிக்காகப் பயப்படவில்லை மனிதர். யாரும் சிரிக்காத ஊரில் குடியிருக்கத்தான் பயந்தார்.

அன்று ராத்திரி அவர் ஒரு கணக்குப் போட்டார். ஜனங்கள் அழுதால் பிராட்ஸ்கி போய்ச் சேர்ந்தான், சேனல்காரன் மாலை போட்டு அனுப்பிவிடுவான். ஆனால் விழுந்து விழுந்து சிரித்தால்? சிரிக்க வைக்கிறவனை யார் வீட்டுக்கு அனுப்புவார்கள்? ஆகவே அந்த உருக்கமான காட்சியை உருப்படாமல் அடிப்பது என்று முடிவு செய்தார். கருவியும் கையிலேயே இருந்தது. ஐந்து வருடமாக எல்லோரையும் கவிழ்த்த நாற்காலி, பிராட்ஸ்கியையே கவிழ்த்தால்? கூரை பறக்காதா?

வாரம் முழுக்க ஒத்திகையில் பரம சாதுவாக இருந்தார். டேல் நல்ல பையன். பவ்வியமாக வந்து, "சார், அந்த நாற்காலியில நிஜமாவே எப்படி உக்காரணும்னு சொல்லிக்குடுங்க. இடப்பக்கம் சாஞ்சும் பாத்துட்டேன், தள்ளிவிட்டுடுது" என்று முழங்கையைத் தடவிக்கொண்டே கேட்டான். குதிகால் விஷயம் வசனத்தில் இல்லை. மார்வினுக்கே அது தெரியாது.

"வெள்ளிக்கிழமை சொல்றேன், தம்பி. காமிரா முன்னாடி புதுசாக் கேட்டாத்தான் உன் மூஞ்சியில அந்த ஆச்சரியம் வரும்" என்றார் இஸ்ஸி. பையன் அதை நடிப்புப் பாடம் என்று நினைத்து நன்றி வேறு சொன்னான்.

வெள்ளிக்கிழமை கூட்டம் நன்றாக இருந்தது. ஓஹையோவிலிருந்து பஸ்ஸில் வந்த சர்ச் கோஷ்டி ஒன்று முன்வரிசையில். துணிக்கடைப் பொம்மைத் திருடனுக்கு அவர்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். கடைசிக் காட்சி வந்தது. ஸ்டேஷன் கேப்டனாக நடிக்கும் ரெஜ், பிராட்ஸ்கியின் கையைக் குலுக்கினார். டேல் ஓரமாக நின்றான். இஸ்ஸி நாற்காலியின் முதுகில் கைவைத்து, எழுதியிருந்த வரியைச் சொன்னார்.

"இத்தனை வருஷத்துல எல்லாரும் என்னை ஒரு தடவையாவது கைவிட்டிருக்காங்க, கேப்டன். இது மட்டும்தான் விட்டதில்ல."

சொல்லிவிட்டு, இடப்பக்கம் சாயாமல், குதிகாலை ஊன்றாமல், ஊர்பேர் தெரியாத ஆசாமி உட்காருவது போல நேராக உட்கார்ந்தார்.

நாற்காலி தன் வேலையைச் செய்தது. இஸ்ஸி மல்லாந்து விழுந்தார், தொப்பி கூண்டுவரை உருண்டது. பிரமாதமான விழுகை. கிடந்தபடியே சிரிப்புக்கு நின்றார்.

வரவில்லை.

எங்கேயோ ஒரு பெண் "ஐயோ" என்றாள். அப்புறம் அதுவும் இல்லை. நின்றுகொண்டே, அதாவது கிடந்துகொண்டே இருந்தார். இத்தனை காலத்தில் அவர் காது கேட்டறியாத ஒரு மௌனம் அந்தக் கொட்டகையை நிறைத்தது. ஓஹையோக்காரர் யாரோ மூக்கைச் சிந்தினார். ரெஜ் வசனத்தை மறந்துபோய் மண்டிபோட்டு உட்கார்ந்து, பேசாமல் கையை நீட்டினார்.

அடப்பாவிகளா, அழுகிறீர்களா, என்று இஸ்ஸி மனதுக்குள் அலறினார். எல்லோரும் கைவிட்ட மனிதனை அவனுடைய நாற்காலியும் கைவிட்டால் அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. தன் குழியைத் தானே, அதுவும் இவ்வளவு அழகாக, வெட்டிக்கொண்டிருந்தார்.

விளக்குகள் எரிந்தன. சேனல்காரர் கைக்குட்டையும் கையுமாக ஓடிவந்தார். "அபாரம்! இதுக்கு மேல ஒருத்தரை எப்படி வழியனுப்ப முடியும்?"

ஆனால் மார்வின் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றான். இஸ்ஸி விழுவார் என்று காமிராக்காரர்களுக்கு யார் சொன்னது? மூன்று காமிராவும் டேலின் அழகான முகத்தையும் ரெஜ்ஜின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தன. விழுந்தது எதிலும் இல்லை.

மார்வின் அவரைக் கூண்டுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனான். "இன்னொரு தடவை எடுக்கணும். அதே மாதிரி விழுங்க."

"விழுந்தா நான் வீட்டுக்குப் போயிடணும்."

மார்வின் தரையைப் பார்த்தான். "நான் எழுதினதைவிட நீங்க பண்ணினது நல்லா இருந்துச்சு. அதான் எனக்கு எரியுது, இஸ்ஸி."

"விளையாட்டுக்குப் பண்ணினேன்டா."

"தெரியும். அதனாலதான் நல்லா இருந்துச்சு."

தொப்பியைத் தட்டி மாட்டிக்கொண்டு இஸ்ஸி யோசித்தார். இப்போது விழுந்தால் ஜனங்கள் சிரிப்பார்கள், சந்தேகமே இல்லை. ஒருமுறை பார்த்தாயிற்று, மனிதருக்கு அடியில்லை என்று தெரிந்தாயிற்று. அவர் கேட்ட சிரிப்பு தட்டில் வைத்துக் காத்திருந்தது. காட்சி கெட்டுப்போகும், சேனல்காரன் விழிப்பான். வேண்டியதும் அதுதானே?

ஆனால் அந்த மௌனம் அவரை விடவில்லை. பயமாகத்தான் இருந்தது. சொல்ல வெட்கம், பிடித்தும் இருந்தது. செருப்புக் கடையில் கேட்ட மௌனம் இல்லை இது. இத்தனை பேர் ஒரே மூச்சைப் பிடித்துக்கொண்டு அவருக்காக உட்கார்ந்திருந்தார்கள். இன்னொரு தடவை கேட்காமல் போனால் மனசு ஆறாது.

மறுபடி ஆரம்பித்தார்கள். கை குலுக்கல், நாற்காலியின் முதுகு, அதே வரி. "இது மட்டும்தான் விட்டதில்ல." இந்தத் தடவை மூன்று காமிராவும் அவர்மேல். ஓஹையோ முன்னால் சாய்ந்து தயாராக இருந்தது. ஒருத்தர் முன்கூட்டியே களுக்கென்றார்.

இஸ்ஸி குதிகாலை ஊன்றினார். இடப்பக்கம் லேசாகச் சாய்ந்தார். உட்கார்ந்தார்.

நாற்காலி விழவில்லை.

களுக்கென்றவர் அடங்கினார். எல்லோரும் காத்திருந்தார்கள். இஸ்ஸியும் காத்திருந்தார். நின்றார், நின்றார், எந்த நடிகனும் தாங்காத அளவுக்கு நின்றார். மெல்ல மெல்ல அது வந்து கொட்டகையை நிறைத்தது, அதே மௌனம். அவர் நாற்காலியின் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"சரிடா, கெழவா. சமத்தா இரு."

எழுந்தார். டேல் வசனப்படி கேட்டான். "சார், இதுல எப்படித்தான் உக்கார்றது?"

இஸ்ஸி அவனைப் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்தார். "வசதியா உக்காரு, தம்பி" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து போய்விட்டார்.

கதவுக்கு அந்தப் பக்கம் ஸ்டேஷனும் இல்லை, நியூயார்க்கும் இல்லை. இருட்டு, மரத்தூள், சுருட்டி வைத்த ஒயர்கள். இஸ்ஸி ஒட்டுப்பலகையில் காதை வைத்து நின்றார். மூக்குச் சிந்தும் சத்தம் இரண்டு மூன்று இடத்திலிருந்து வந்தது. பாவம், காட்சிப்படி பையன் இப்போது நாற்காலியில் இடப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருப்பான்.

தடால்.

சுவர் அதிர்ந்தது. அழுதுகொண்டிருந்த வாயாலேயே ஜனங்கள் வெடித்துச் சிரித்தார்கள். ஏறியது, இறங்குவது போலப் போக்குக்காட்டிவிட்டு மறுபடி ஏறியது. கைதட்டல் வேறு. இஸ்ஸிக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் மேடையில் இல்லாதபோது அவருக்கு விழுந்த முதல் சிரிப்பு அது.

மார்வின் ஒயர் தடுக்கி ஓடிவந்தான். "என்ன காரியம் பண்ணினீங்க! ரகசியத்தைச் சொல்லாமப் போயிட்டீங்களே! அந்த வரிதானே முடிவு! சேனல்காரர் அங்க அழறதா சிரிக்கறதான்னு தெரியாம உக்காந்திருக்கார். இனிமே அந்தப் பையன் அந்த நாற்காலியில எப்படி உக்காருவான்? யாருக்குத் தெரியும்?"

"அடடா" என்று இஸ்ஸி நெற்றியில் தட்டிக்கொண்டார். "சொல்லாமலா வந்துட்டேன்? வயசாச்சு பாரு. கவலைப்படாதே, அடுத்த வெள்ளிக்கிழமை வந்து சொல்றேன்."

மார்வின் நகத்தை வாய்க்குக் கொண்டுபோய், கடிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு அவரை முறைத்தான்.

இஸ்ஸி அவசரப்படவில்லை. இருட்டில், தொப்பியைக் கையில் பிடித்தபடி, அவனுக்காக நின்றார்.

கொஞ்ச நேரம் பிடித்தது. அப்புறம் மார்வின் சிரிக்க ஆரம்பித்தான்.