பள்ளத்தில் சிக்கிய மலாக்கியின் கார்

மலாக்கி டெவேன் மேடையில் பேசி ஓட்டு வாங்கிய ஆள் இல்லை. இழவு வீடுகளில் கை குலுக்கி ஓட்டு வாங்கிய ஆள். இதில் என்ன கேவலம் என்று கேட்பேன் நான். எங்கள் மேயோ மாவட்டத்தில் பாலம் கட்டித் தராதவனை மன்னித்துவிடுவார்கள். அப்பா செத்ததற்கு வராதவனை அவன் பேரன் காலம்வரை மன்னிக்கமாட்டார்கள்.

இருபத்திரண்டு வருடம் அவர் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தார். அத்தனை வருடத்தில் நாலு முறை வாய் திறந்தார். அதில் இரண்டு முறை ஜன்னலைத் திறக்கச் சொல்லிக் கேட்டது. ஆனால் தொகுதியில் ஒரு சவப்பெட்டி அவருக்குத் தெரியாமல் மண்ணுக்குள் போனதில்லை. அதற்குக் காரணம் நான்தான். என் பெயர் டிம்ப்னா ஹெஷன். அவருடைய காரியதரிசி, காரோட்டி, வீண் செலவு செய்யாதீர்கள் என்று திட்டுகிற ஆள், எல்லாம் நானே. காலையில் பேப்பர் வந்ததும் மரண அறிவிப்புகளைக் கத்தரித்து ஒரு துண்டுச் சீட்டில் ஒட்டுவேன். பெயர், வயது, எந்தக் கோயில், முன்வரிசையில் யார் யார் உட்காருவார்கள் என்று பக்கத்தில் எழுதுவேன். காரில் போகும்போதே அதைப் படித்து, கறுப்பு டையைக் கட்டிக்கொண்டு இறங்குவார். நான் எஞ்சினை அணைக்காமல் வெளியிலேயே இருப்பேன். பன்னிரண்டு மணிக்கு வேறு ஊரில் அடுத்த சாவு இருக்குமே. ஆகவே அவர் உள்ளே போய் என்ன சொல்கிறார் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

எண்பத்தாறாம் வருடம் அக்டோபரில் நான் ஒரு தப்புச் செய்தேன். சீட்டில் "பிரிஜெட் டூஹி, வயது 81, மலைக்கோயில், 11 மணி" என்று எழுதினேன். அந்த பிரிஜெட் டூஹிதான் மடத்துச் சகோதரி கொலம்பா என்பதை எழுதவில்லை. அது கதவடைத்த மடம். பத்தொன்பது வயதில் உள்ளே போனவர், அறுபத்திரண்டு வருடமாகத் தெருவில் கால் வைத்ததில்லை. ரொட்டியும் பாலும்கூடச் சுவரிலுள்ள மரச்சுழலில் வைத்துத்தான் உள்ளே போகும்.

முன்வரிசையில் பிள்ளைகள் இல்லை, அடக்கத்துக்காக விசேஷ அனுமதி வாங்கி வெளியே வந்த ஒன்பது கன்னியாஸ்திரிகள் இருந்தார்கள். வேறு யாராக இருந்தாலும் சிலுவை போட்டுவிட்டுத் திரும்பியிருப்பார்கள். மலாக்கியின் நாக்குக்கு அந்தப் புத்தி இல்லை. மடத்துத் தலைவியின் கையைப் பிடித்து, கண்ணில் நீர் முட்டச் சொன்னாராம்: "உங்க துக்கத்துக்கு வருத்தப்படறேன். ஒருநாள் மழையில என் கார் பள்ளத்துல சிக்கிக்கிச்சு. இவங்கதான் வந்து தள்ளிவிட்டாங்க. என்னைக்கும் மறக்கமாட்டேன்."

தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஃபெர்கஸ் ட்வோமியின் காதில் இது விழுந்தது. எங்கள் ஊர் 'பாலிநகாரா பீக்கன்' வாரப் பத்திரிகையின் ஆசிரியர். வெள்ளிக்கிழமை பேப்பரில் மதில் ஏறிக் குதித்துக் காரைத் தள்ளிய கன்னியாஸ்திரியைப் பற்றி முழுப் பத்தி வந்தது. கடைசி வரி இது: "நாலாயிரம் சாவுக்குக் கை குலுக்கிய இந்த மனிதர், ஒரே ஒரு சாவுக்காவது உண்மையில் வருந்தியதில்லை."

ஊரே சிரித்தது. நானும் சமையலறையில் தனியாகக் கொஞ்சம் சிரித்தேன். மலாக்கி மட்டும் சிரிக்கவில்லை.

"கேஸ் போடப் போறேன்" என்றார்.

"வேண்டாம். அடுத்த மாட்டுச் சந்தை வரைக்கும் சிரிப்பாங்க. அப்புறம் வேற எவனாவது குடிச்சிட்டு விழுவான், அவனைப் பார்த்துச் சிரிக்கப் போயிடுவாங்க."

"பொய்யன்னு எழுதியிருந்தா விட்டிருப்பேன், டிம்ப்னா. திருடன்னு எழுதியிருந்தாக்கூட விட்டிருப்பேன். நான் வருத்தப்படலைன்னு எழுதிட்டான். இதை விட்டா அடுத்த தேர்தல்ல எவன் எனக்கு ஓட்டுப் போடுவான்?"

"அந்தக் கன்னியாஸ்திரி உங்க காரைத் தள்ளினாங்களா?"

"நீ யார் பக்கம்?" என்று கேட்டுவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

டப்ளின் உயர்நீதிமன்றத்தில் பன்னிரண்டு பேர் கொண்ட ஜூரி முன்னால் வழக்கு வந்தது. மலாக்கியின் வருத்தம் நிஜம் என்று நிரூபிக்க, அவர் வந்து போன சாவு வீடுகளிலிருந்து முப்பது பேரை ஒரு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனோம். என்னையும் சேர்த்தால் முப்பத்தொன்று. வழியெல்லாம் பன்றிக்கறி சாண்ட்விச். கலியாணத்துக்குப் போகிற கூட்டம்கூட அவ்வளவு குஷியாக இருக்காது.

முதல் நாள் பத்திரிகையின் வக்கீல் மலாக்கியைக் கூண்டில் ஏற்றினார்.

"மடத்து மதில் எட்டடி உயரம். சகோதரி எப்படி வெளியே வந்தாங்க?"

"நான் கேட்கலைங்க. மழையில நனைஞ்சுக்கிட்டு உதவி செய்றவங்களைக் குறுக்கு விசாரணை பண்றது மரியாதையில்லை."

"எழுபத்தொண்ணுல நடந்ததுன்னு சொல்றீங்க. அப்ப அவங்களுக்கு அறுபத்தாறு வயசு."

"ரொம்பச் சுறுசுறுப்பு" என்றார் மலாக்கி. நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

மறுநாள் எங்கள் சாட்சிகள். முதலில் கில்ஹூலி வீட்டு அம்மாள் ஏறினாள். புருஷன் செத்து ஒன்பது வருடம். பத்திரிகையின் வக்கீல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "டெவேன் உங்ககிட்ட என்ன சொன்னார்?"

அம்மாள் நிமிர்ந்து நின்றாள். "ஒருநாள் மழையில இவர் கார் பள்ளத்துல சிக்கிக்கிச்சாம். எங்க வீட்டுக்காரர்தான் தள்ளிவிட்டாராம். வீட்ல ஒரு வார்த்தை சொன்னதில்லை அவர். செஞ்ச உதவியைச் சொல்லிக் காட்டற மனுஷன் இல்லை" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இரண்டாவது ஆளும் கார் என்றான். மூன்றாவது ஆளும் பள்ளம் என்றான். ஐந்தாவது சாட்சியில் ஜூரிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒன்பதாவது சாட்சியின்போது ஜூரியில் ஒருத்தி கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

பதினோராவது ஆளிடம் வக்கீல் கேட்டார்: "உங்க அப்பாவுக்குக் கண் தெரியாதே?"

"காரைத் தள்ளத்தானே சொன்னாங்க? ஓட்டவா சொன்னாங்க?" என்று அவன் எகிறினான்.

பத்தொன்பதாவது ஆள் தீவுக்காரன். "உங்க தீவுல காரே கிடையாதே?" என்றார் வக்கீல். அவன் நெடுநேரம் யோசித்துவிட்டு, "அப்பா நீந்திக் கரைக்குப் போயிருப்பார்" என்றான்.

கோர்ட்டே குலுங்கிச் சிரித்தது. எங்கள் பஸ்ஸில் வந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. கில்ஹூலி அம்மாள் மடியிலிருந்த கைப்பையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வருடமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஒன்று, பக்கத்து வீட்டு அலமாரியிலும் இருந்ததைக் கண்டுபிடித்துவிட்டாள், பாவம்.

எனக்கு வயிறு எரிந்தது. ஏனென்றால் அந்தக் கார்க் கதை என் அம்மாவுடையது. நிஜமாகவே தள்ளியது என் அம்மா. மனுஷன் என் அம்மாவைக் கூறு போட்டு ஊர் முழுக்கப் பங்கு வைத்திருக்கிறார், நான் இருபது வருடமாக வெளியில் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கடைசியாக என்னைக் கூப்பிட்டார்கள். மலாக்கி என்னைப் பார்க்கவில்லை. தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பைபிளைத் தொட்டபோது, இந்த ஆளை இங்கேயே புதைத்துவிட்டுப் போகலாம் என்றுதான் நினைத்தேன்.

"உங்க அம்மா சாவுக்கு வந்து என்ன சொன்னார்? கார்தானே?" என்றார் வக்கீல். ஜூரி இப்போதே சிரிக்கத் தயாராக இருந்தது.

"கார்தான். ஆனா அதை அவர் சொல்லி முடிக்கலை."

"புரியலையே?"

"அறுபத்துநாலாம் வருஷம். அவர் முதல் தேர்தல். எங்க வீட்டு வாசல்லதான் கார் பள்ளத்துல விழுந்துச்சு. அம்மாவும் நானும் தள்ளினோம். சேறு அம்மாவோட ஒரு ஷூவை விழுங்கிடுச்சு. அடுத்த வாரம் இவர் புது ஜோடி வாங்கிட்டு வந்தார். ரெண்டு சைஸ் பெருசு. அம்மா உள்ள பேப்பரைத் திணிச்சுக்கிட்டுக் கோயிலுக்குப் போட்டுட்டுப் போவாங்க. ரெண்டு வருஷத்துல செத்துப் போனாங்க. இவர் வந்து என் கையைப் பிடிச்சு, 'உங்க அம்மா ஒருநாள் என் காரை'ன்னார். அதுக்கு மேல பேச்சு வரலை. பெட்டிக்குப் பக்கத்துல தரையில உட்கார்ந்து ஓன்னு அழுதார். பெட்டி தூக்க வந்தவங்கதான் தண்ணி குடுத்து எழுப்பினாங்க."

"அப்ப மத்த முப்பது பேருக்கும் சொன்னது?"

"பொய். அத்தனையும் பொய். கன்னியாஸ்திரி பொய்க்கெல்லாம் ராணி." சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தேன். "ஆனா உங்க பேப்பர்ல பொய்யன்னு எழுதலையே? ஒரே ஒரு சாவுக்காவது வருந்தினதில்லைன்னு எழுதினீங்க. ஒண்ணுக்கு வருந்தினார். நான் பார்த்தேன்."

ஜூரி இரண்டு மணி நேரம் கதவை மூடிக்கொண்டு பேசியது. தலைவர் எழுந்து, அந்த வரி அவதூறுதான் என்றார். எவ்வளவு நஷ்டஈடு என்று நீதிபதி கேட்டார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒரு பென்னி" என்றார்.

ஒரு பென்னிக்கு வழக்காடியவர்கள் அவரவர் செலவை அவரவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று நீதிபதி எழுந்து போய்விட்டார். மலாக்கிக்கு வீடும் நாற்பது ஏக்கர் நிலமும் போயின. ட்வோமிக்கு அச்சு இயந்திரம் போயிற்று, பீக்கன் ஒற்றைத் தாளாகச் சுருங்கியது. ஜெயித்தவரும் தோற்றவரும் சேர்ந்து திவாலானார்கள். பிப்ரவரியில் தேர்தல் வந்தது. மலாக்கிக்கு டெபாசிட்கூடத் தேறவில்லை. இருபத்திரண்டு வருடம் அவ்வளவுதான்.

மருந்துக்கடை மாடியில் ஒரு அறை பிடித்தார். நான் சம்பளம் இல்லாமலே காலையில் போய் டீ போட்டுக் கொடுத்துத் திட்டிவிட்டு வருவேன். எனக்கு வேறு வேலை தெரியாது. சாவுகளுக்கு அவர் இன்னமும் போய்க்கொண்டுதான் இருந்தார். ஆனால் கையைக் குலுக்கி, "உங்க துக்கத்துக்கு வருத்தப்படறேன்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். காரைப் பற்றி மூச்சுவிடுவதில்லை.

நவம்பரில் ட்வோமியின் அப்பா செத்தார். அலாய்ஷியஸ் கிழவர், அச்சுக்கோத்தவர், இளவயதிலேயே ஒரு காலை இழந்தவர். நான் அறிவிப்பைக் கத்தரிக்காமல் பேப்பரையே ஒளித்துவைத்தேன். மலாக்கி கீழே மருந்துக்கடையில் படித்துவிட்டார்.

"அந்த ஆள் வீட்டுக்கா போறீங்க? வெட்கமா இல்லை?"

"செத்தது அவனோட அப்பா. அவர் என்னை என்ன செஞ்சார்?" என்று கறுப்பு டையை எடுத்தார்.

அன்றைக்கு நான் எஞ்சினை அணைத்துவிட்டு உள்ளே போனேன். முன்வரிசையில் ட்வோமி தனியாக உட்கார்ந்திருந்தார். பிறந்ததிலிருந்து அப்பாவோடு ஒரே வீட்டில் இருந்தவர், பெண்டாட்டி பிள்ளை கிடையாது. மலாக்கி வரிசையில் நகர்ந்து போய் அவர் கையைப் பிடித்தார்.

"உங்க துக்கத்துக்கு வருத்தப்படறேன், ஃபெர்கஸ்."

நகரப் பார்த்தார். ட்வோமி கையை விடவில்லை. பின்னால் வரிசை நின்றுபோயிற்று.

"அவ்வளவுதானா?" என்றார் ட்வோமி.

மலாக்கி விழித்தார்.

"ஊர்ல அத்தனை பேர் அப்பாவுக்கும் சொன்னீங்க. எங்க அப்பாவுக்கு மட்டும் கிடையாதா?" கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "எங்க அப்பா மட்டும் என்ன குறைச்சல், மலாக்கி?"

மலாக்கி திரும்பி என்னைப் பார்த்தார். அது என் அம்மாவின் கார், கொடுப்பதும் கொடுக்காததும் என் இஷ்டம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கோயிலே என்னைப் பார்த்தது. நான் சரி என்று தலையை ஆட்டினேன்.

மலாக்கி முன்வரிசையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். "ஒருநாள் நல்ல மழை. என் கார் பள்ளத்துல சிக்கிக்கிச்சு. அந்தப் பக்கமா உங்க அப்பா வந்தார். ஊன்றுகோலைத் தூக்கி எறிஞ்சுட்டு ஒத்தைக்கால்ல நின்னு தள்ளினார். ரெண்டு கால் இருக்கிறவன் எவனும் அப்படித் தள்ளினதில்லை."

ட்வோமி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். கொஞ்ச நேரம் கழித்து, அழுகைக்கு நடுவிலேயே, "எந்த வருஷம்?" என்று கேட்டார்.

"அறுபத்தெட்டு."

வெள்ளிக்கிழமை பீக்கனின் அந்த ஒற்றைத் தாளில் அப்பாவின் இரங்கல் குறிப்பு வந்தது. பிறந்த தேதி, வேலைபார்த்த வருடங்கள், அதற்குக் கீழே அறுபத்தெட்டாம் வருடத்து மழையும் ஒற்றைக்காலும். வரி மாறாமல் அப்படியே போட்டிருந்தார். நான் அதைக் கத்தரித்து என் அம்மாவின் அறிவிப்புக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.