எட்டாவது மனு

வில்லியனூருக்கு மேற்கே காகித ஆலைக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில், போன ஆண்டு ஐப்பசி முதல் வாரம், தண்ணீர் தாள்தாளாக உரிந்து வந்தது. கொடியில் போட்டால் சொட்டாது, இழுத்தால் கிழியாது. ஊர் ஜனம் இரண்டு நாள் வேடிக்கை பார்த்தது. மூன்றாம் நாள் எடுத்துப்போய் ஒழுகுகிற மாட்டுக் கொட்டகைகளின் மேல் போட்டுக்கொண்டது.

காரணம் தெரியாதவர் இல்லை. அதே ஊர் ருக்குமணியின் புருஷன் பச்சையப்பன் அந்த ஆலையில் தூள் கரைப்பவன். சர்க்கரை மாதிரி வெள்ளைத் தூள். ஒரு பிடியை மெல்லத் தூவிக் கலக்கினால் தொட்டி முழுக்கக் கொழகொழக்கும். அதைக் காகிதக் கூழில் விட்டால், தண்ணீரோடு ஓடிப்போக இருந்த பொடிநார்கூட ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு தாளில் தங்கிவிடும். இன்னொரு பீப்பாயில் இருக்கும் பிசின், நனைந்த தாள் பிய்ந்து போகாமல் காக்கும். தூளைத் தூவ ஒரு மணி நேரம் வேண்டும். அதெல்லாம் தர முடியாது, மூட்டையோடு கொட்டு என்றான் சூப்பர்வைசர் பாலாஜி. கொட்டினால் கட்டி தட்டும். கட்டி தட்டிய தொட்டியையும் மிஞ்சிய பிசினையும் பின்பக்க வால்வு வழியாக வாய்க்காலில் திறந்துவிட்டார்கள், மாதக்கணக்கில். வாய்க்கால் போய்ச் சேரும் முதல் வயல் ருக்குமணியின் முக்கால் காணி. மண் இறுகிப் பிடித்துக்கொண்டு நாற்று மூச்சு முட்டிச் செத்தது. தன் வயலைத் தன் கையாலேயே கொன்றுகொண்டிருந்த பச்சையப்பன் வீட்டில் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடுமாம்.

ருக்குமணி மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் ஏழு மனு கொடுத்தாள். கேட்டால் ஏழும் கோப்பில் இல்லை. அங்கிருந்து அதிகாரி ஒரு தடவை வந்தார், ஆலைக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு. அன்று வால்வை மூடி, போர்வெல் தண்ணீரை ஓட விட்டிருந்தார்கள். "தண்ணி நல்லாத்தானேம்மா இருக்கு" என்றார். கொட்டகை மேல் கிடந்த தண்ணீரைக் காட்டினாள், தார்ப்பாய் என்றார். ஆலைக் கேண்டீனில் மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டு ஜீப் ஏறினார், வெட்கங்கெட்ட மனுஷன்.

மறுநாள் வாய்க்காலிலிருந்து ஒரு தாளை உரித்துவந்து புருஷன் முன்னால் விரித்தாள் ருக்குமணி.

"இன்னா கொட்டுன, என்னிக்கிக் கொட்டுன, யாரு கொட்டச் சொன்னது, எல்லாத்தயும் சொல்லு. நான் இதுலயே எழுதறேன்."

"வேல பூடும்டி."

"வயலு பூட்ச்சே, அது கண்ணுக்குத் தெரில?"

அவன் வெகுநேரம் அழுதான். பிறகு தேதி தேதியாகச் சொல்லி, கீழே கையெழுத்தும் போட்டான். சேதி காதுக்குப் போய், அந்த வாரமே ஆலை அவனை வெளியே அனுப்பியது.

எட்டாவது மனுவை வாங்கிய அதிகாரி, அவள் எதிரிலேயே அதைக் கசக்கிக் கூடையில் போடப் பார்த்தார். கசங்கவில்லை. கிழித்தார், கிழியவில்லை. உதறினார், வலது கை தாளோடு ஒட்டிக்கொண்டது, தாள் மேசையோடு ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு பீரோவுக்குப் பின்னாலிருந்து ஒன்று, எதிர் டீக்கடையில் போண்டா மடித்த எண்ணெயோடு ஒன்று என்று தொலைந்த ஏழு மனுவும் வந்து அந்தத் தாளில் ஒட்டின. சேதராப்பட்டிலிருந்தும் பாகூரிலிருந்தும் யார் யாரோ எப்போதோ கொடுத்தவையும் சாயங்காலம்வரை ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருந்தன.

"இன்னா சார், புடிச்சிக்கினு வுடமாட்டுதா? எங்க வயல்லயும் அப்டித்தான் சார்" என்று சொல்லிவிட்டு ருக்குமணி பஸ் ஏறினாள்.

பதினோரு நாள் அவர் அந்த நாற்காலியிலேயே இருந்தார். அவர் மனைவி யாமினி வந்து ஊட்டிவிட்டுப் போனாள். பன்னிரண்டாம் நாள், ஆலைக் கழிவால் தண்ணீர் கெட்டது, வால்வுக்குச் சீல் வைக்கவும் என்று இடது கையால் எழுதினார். வலது கை விடுபட்டது.

முக்கால் காணியில் இந்த வருஷம் பாதிதான் விளைந்தது. மீதி மண்ணைப் பச்சையப்பன் தினமும் கொத்திக்கொண்டிருக்கிறான். ருக்குமணி அவனோடு பேசுவதில்லை. அந்தத் தாள் அலுவலக மேசையிலேயே கிடக்கிறது. புதிதாக வந்த அதிகாரி நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டு, வருகிற மனுக்களை வந்த அன்றே படித்துவிடுகிறார்.