முதுகில் கயிறு

குளிர்காலத்தில் என் புருஷன் கிளைவ் போய்ச்சேர்ந்தார். மார்ச்சில் துணிச் சந்தை கூடியது. அங்கே போக, என் சிநேகிதி மியூரியல் காரில் ஏறச் சொன்னாள், ஏறினேன். இறங்கச் சொன்னாள், இறங்கினேன். எனக்கு அழுகையும் வரவில்லை, ஒரு மண்ணும் வரவில்லை.

ஒவ்வொரு கோடையிலும் இங்கிலாந்தில் சஃபோக் பக்கத்து மாளிகை ஒன்றில் எங்கள் குழு ஐந்நூறு வருஷத்துக்கு முந்தின ட்யூடர் ராஜாக்கள் காலத்து ஆட்களாக ஒரு வாரம் வாழ்ந்து காட்டும். ஜனம் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து வேடிக்கை பார்க்கும். அங்கே உடுத்தும் துணியை வைத்துத்தான் இடம். பட்டு என்றால் பெரிய மேசை, முரட்டுக் கம்பளி என்றால் அடுப்படி. பல வருஷமாக எஜமானியம்மாள் வேஷம் எனக்கு, அவளுடைய தோழி வேஷம் மியூரியலுக்கு. என் பழைய கவுனைப் பூச்சி அரித்துவிட்டது. புதுசு தைக்காவிட்டால் எஜமானி வேஷம் குழுவிலிருக்கும் பெர்னிஸுக்குப் போய்விடும் என்று மியூரியலுக்குக் கவலை. பெர்னிஸ் வைத்துக்கொண்டு போகட்டுமே.

கடைக்காரர் டாப்செல் கருஞ்சிவப்பில் பூவேலைப் பட்டுத் துணியை விரித்தார். கழுத்தைச் சதுரமாக வெட்டலாம், அகலக் கையை மடித்துவிட்டு உள்ளே முயல் ரோமம் வைக்கலாம் என்றார். நல்லாயிருக்கு என்றேன். கறுப்பு வெல்வெட்டையும் நல்லாயிருக்கு என்றேன். சாக்கைக் காட்டியிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

"கயிறு முதுகுலதானேம்மா?" என்று கேட்டார்.

எஜமானி கவுனை இறுக்கிக் கட்டும் கயிறு முதுகில்தான். தானாக உடுத்த முடியாது, அதுதான் அதற்குப் பவிசு. அந்த வாரம் முழுக்கக் காலையில், நாங்கள் தங்கும் கூடாரத்து நடுக்கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பின்னாலிருந்து கிளைவ் இழுத்து இழுத்துக் கட்டுவார். கேக்கைக் குறைடி என்பார். உங்க தொப்பையைப் பாருங்க முதல்ல என்பேன்.

"முன்னால வச்சிடுங்க," என்றேன்.

"அது சமையல்காரி போடுறதாச்சே."

"அப்ப அந்தப் பழுப்புக் கம்பளியைக் கிழிங்க."

மியூரியலுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏண்டி, நான் கட்டிவிட மாட்டேனா? எனக்குக் கை இல்லையா?"

"இருக்கு. வேணாம்."

திரும்பி வரும்போது காரில் பாதி சாண்ட்விச்சை என் மடியில் வைத்தாள். தின்றேன்.

ஜூனில் கூடாரத்தில் நானே உடுத்தினேன். கயிறு கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. கோத்து, இறுக்கி, முடிச்சும் போட்டாயிற்று. இவ்வளவுதானா என்றிருந்தது.

அடுப்பு மூட்டியாச்சு, வாடி என்று வெளியிலிருந்து மியூரியல் கூப்பிட்டாள். இதோ என்றேன். மறுபடியும் கூப்பிட்டாள். பிறகு அவளே வாசல் துணியை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"இன்னும் கட்டலையா?"

"கட்டியாச்சே."

"அப்புறம் என்னடி பண்ற?"

அப்போதுதான் பார்த்தேன். வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் நடுக்கம்பைப் பிடித்தபடி நின்றிருந்தேன்.