நீல வட்டத்துக்குள் ஓர் அலை

என் வீட்டுக்காரர் பேச எழுந்ததுமே நான் நாற்காலி நுனிக்கு நகர்ந்தேன். நகர மன்றத்தின் மாடியில் பெரியவர்களுக்கான வகுப்பு. அவரவருக்கென்று ஒரு லோகோ வரைந்து, கடைசி நாளில் எல்லார் முன்னாலும் காட்டிப் பேச வேண்டும். கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து மனுஷன் வீட்டை விட்டு அசைவதில்லை. நான் சமையலறைக்குப் போனால் சமையலறை, துணி காயப்போட்டால் கொடியடி. கெஞ்சிக் கூத்தாடி இழுத்து வந்து, துணைக்கு நானும் சேர்ந்தேன். இன்று நாலு பேர் நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டால் அடுத்த வகுப்புக்கும் வருவார். இல்லையென்றால் இனி வாசல் தாண்டமாட்டார்.

ஷிகெனோபு உகாய் என்று பெயரைச் சொல்லி இடுப்பு வளையக் குனிந்தார். வரைந்த தாளை விசிட்டிங் கார்டு மாதிரி இரண்டு கையாலும் நீட்டினார். டீச்சர் குதோ, எங்கள் மகள் வயசுப் பெண், அதை வாங்கிப் பலகையில் ஒட்டினாள். நீல வட்டம், குறுக்கே தடித்த ஒற்றை அலை. சின்ன வயதில் தூண்டில் போட்ட ஆறு, வற்றாத மனசு என்று விளக்கினார். குரல் நடுங்கவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முன்வரிசையில் மீன்கடைக்காரர் ஹத்தா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"உகாய் சார், இது உங்க பம்பு கம்பெனி கேட்டுல இருக்கிறதுதானே? அலைய மட்டும் தலைகீழாப் போட்டிருக்கீங்க."

கேலியாகச் சொல்லவில்லை. ஆனாலும் பின்னால் யாரோ சிரித்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். இவர் திரும்பிப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். தினமும் கோட்டுக் காலரில் குத்திக்கொண்டு வேலைக்குப் போன சின்னம். கை தானாக வரைந்திருக்கிறது, பாவி மனுஷனுக்குத் தெரியவேயில்லை.

"மன்னிச்சிருங்க," என்றார். "வேணும்னு செய்யல. எனக்கு வேற எதுவும் வரல."

எனக்கு மானமே போனது. தனக்கென்று ஒன்றுமில்லாத ஆளையா இத்தனை வருஷம் கட்டிக்கொண்டு அழுதேன் என்று எரிச்சல் வேறு. வந்து பக்கத்தில் உட்கார்ந்தவரிடமிருந்து நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

டீச்சர் அவசரமாக என்னைக் கூப்பிட்டாள். என் தாளில் ஒன்றன் குறுக்கே ஒன்றாகச் சாய்ந்த இரண்டு இறகுகள், இளம் ஊதாவில். "என் பேரு மித்சுயோ. மித்சுயோன்னா இதுதான். யார் கையிலயும் அகப்படாத ஆளு," என்று ஒத்திகை பார்த்ததைத் தைரியமாகவே ஆரம்பித்தேன். பிறகுதான் பலகையில் ஒட்டியதைத் தள்ளி நின்று பார்த்தேன்.

உகாய் குடும்பத்தின் பரம்பரைச் சின்னம், அவர்கள் கல்லறையில் செதுக்கியிருக்கும் அதே இறகுகள். வசந்தத்திலும் இலையுதிர்விலும் நான்தான் பாசி போகத் தேய்த்துக் கழுவுகிறேன். கல்யாணத்துக்கு மாமியார் தந்த கறுப்புக் கிமோனோவின் முதுகிலும் அதேதான். என் அம்மா வீட்டுச் சின்னம் என்ன? அங்கேயே நின்று யோசித்தேன். இலையா, பூவா, ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

அழகாயிருக்கிறது என்றாள் டீச்சர். ஹத்தாகூடத் தலையாட்டினார். அவர்களுக்கு அது வெறும் இறகு. என்னைத் தவிர அந்த அறையில் அதை அடையாளம் தெரிந்த ஒரே ஆள் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருடைய காது மடல்கள் புது மாப்பிள்ளைக்குப் போல மெல்லச் சிவந்தன.