டோக்கன் பதிவானது

சுடலைக்கண்ணுவுக்கு அன்றும் காய்ச்சல். சக்திகுமார் சோதனையை ஓடவிட்டதும் திரையில் பிரவுசர் தானாகத் திறந்தது. யாரும் தொடாமலே கட்டங்களில் எழுத்துகள் விழுந்தன. சுடலைக்கண்ணு, வயது அறுபது, ஊர் புதூர், காய்ச்சல். பொத்தான் தானாக அமுங்கியது. 'உங்கள் டோக்கன் பதிவானது' என்று பச்சையில் ஒரு வரி வந்தது.

"இந்தத் தாத்தாவுக்கு எப்பத்தான் காய்ச்சல் விடும் அண்ணாச்சி?" என்றாள் பக்கத்து மேசை செல்வமாரி. சோதனைக்கு அந்தப் பெயரை வைத்தவளே அவள்தான். "ஒரு ஊசியப் போட்டு அனுப்பி விடுங்க. பாவமால்லா இருக்கு."

போன வருஷமாக இருந்தால் சிரித்திருப்பான்.

தூத்துக்குடி டாக்டர் ஒருவருக்காக எழுதப்பட்ட செயலி அது. புதூர், குளத்தூர்ப் பக்கத்து ஆட்கள் பஸ் ஏறுவதற்கு முன்பே போனில் டோக்கன் போட்டுக்கொள்ளலாம். செயலி சரியாக வேலை செய்கிறதா என்று ஆளில்லாமல் பார்க்கும் சோதனைகளை எழுதுவது சக்திகுமாரின் வேலை. பச்சை வரியைப் பார்த்ததும் அவனுடைய சோதனை நிற்காது. அடுத்ததாக டாக்டரின் பெயரில் உள்ளே நுழைந்து, இன்றைய பட்டியலில் சுடலைக்கண்ணு இருக்கிறாரா என்று தேடும். சில தடவை இருப்பார். இந்தத் தடவை இல்லை. சோதனை சிவப்பில் முடிந்தது.

இசக்கிராஜா ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி பின்னால் வந்து நின்றான். உரக்கடை மாடியிலிருந்த அந்த அலுவலகம் அவனுடையது. கல்லூரியில் சக்திகுமாருக்குப் பக்கத்து பெஞ்சு. பிறகு தன் தங்கை இந்துஜாவை அவனுக்குக் கட்டிக்கொடுத்து மச்சானானான். செயலியை ஒப்படைக்கத் தூத்துக்குடிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். டாக்டர் முன்னாலேயே சோதனையை ஓட்டிக் காட்டுவதாகப் பேச்சு.

"மெசேஜ் வருதுல்லா மாப்ள. அதோட நிறுத்து. உள்ள போயி என்னத்துக்கு நோண்டுத?"

"மெசேஜ் மொதல்லயே வந்துருது. பதிவு பொறவுதான் போகுது. சில நேரம் போய்ச் சேரல."

"அடுத்த வாரம் சரி பண்ணிக்கிடலாம்."

"அதுக்குள்ள ஒருத்தர் இதை நம்பி, காய்ச்சலோட பஸ் ஏறிட்டா?"

செல்வமாரி தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள். இசக்கிராஜா ஹெல்மெட்டை மேசைமேல் வைத்தான்.

"எல்லாத்தையும் தோண்டித்தான் பாக்கணுமாலே? ஆள நிம்மதியா வச்சிருந்தாப் போதும்னு சில நேரம் இருக்கு. இந்து ஆஸ்பத்திரில கெடந்தப்ப ரெண்டு நாளா ஒன்னைய வரச் சொல்லு, வரச் சொல்லுன்னு ஒரே அழுகை. நீ பெங்களூர்ல டெமோல இருந்த. அது கெட்டிருந்தா இந்த ஆபீஸே கெடையாது. மாப்ள கெளம்பிட்டான்னு அவகிட்டச் சொல்லிட்டேன். அமைதியாயிட்டா. அவ நிம்மதியா இருந்தா. நீயும் டெமோவ முடிச்ச."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்திருக்க வேண்டும். ஹெல்மெட்டின் வாரை இழுத்து இழுத்து விட்டான்.

சக்திகுமார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். டெமோ முடிந்து ரயிலில் வந்தபோது மச்சான் சொன்ன பொய்யை அவன் என்றோ மன்னித்துவிட்டான். திண்டுக்கல்லில் போன் வந்தது. "ரெண்டு இட்லி சாப்பிட்டா, இப்பத் தூங்குதா. பதறாம வா மாப்ள." அதை நம்பி மதுரை நிலையத்தில் சாத்துக்குடி வாங்கினான். கோவில்பட்டியில் இறங்கி, பந்தலுக்குள் அந்தப் பையோடுதான் நுழைந்தான். யாரோ கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டார்கள். வழியில் இருப்பவனிடம் சாவைச் சொல்லமாட்டார்கள், அது ஊர் வழக்கம். அவனுமே ஒரு சித்தப்பாவுக்கு அப்படிச் சொல்லி வரவழைத்திருக்கிறான். ஆனால் அதற்கு முந்தைய இரண்டு நாளும் அவன் வழியில் இல்லை. இந்துவின் எண்ணுக்கு அழைத்தபோதெல்லாம் இசக்கிராஜாதான் எடுத்தான். சும்மா காய்ச்சல், தூங்குதா, எழுப்பவா என்றான். வேண்டாம் என்று சொன்னது சக்திகுமார். அவள் கதவைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்திருப்பாள். கிளம்பிவிட்டான் என்றால் மறுநாள் காலையில் வந்துசேர வேண்டும். அந்தக் காலை போய், மதியம் போய், அதற்கு அடுத்த காலையும் வந்திருக்கும். என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பாள்?

இசக்கிராஜா குனிந்து, பட்டியலைத் தேடும் வரியைத் தானே அழித்தான். ஓடவிட்டான். சுடலைக்கண்ணு, அறுபது, புதூர், காய்ச்சல். சோதனை பச்சையில் முடிந்தது.

"பாத்தியா? இதையே ஏத்திரு," என்று தோளில் தட்டினான். "மனசுல வச்சுக்காத மாப்ள. ஒன் நல்லதுக்குத்தான்."

கீழே பைக் கிளம்பும் சத்தம் கேட்டது.

சக்திகுமார் அழித்த வரியை மறுபடி எழுதினான். மனப்பாடமாக இருந்தது. ஏற்றினான். இங்கே கடைசியாக ஏற்றியது எதுவோ, அதுதான் அங்கே டாக்டர் முன்னால் ஓடும். மேலே வந்த செல்வமாரி பாட்டிலை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். உரக்கடையில் யாரோ மக்காச்சோள விதைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

போன் அடித்தது. எட்டயபுரத்தில் இசக்கிராஜா டீக்கு நிறுத்தியிருந்தான் போலிருக்கிறது. பின்னால் பஸ் இரைச்சல்.

"ஏத்திட்டியா மாப்ள? எதுக்கும் ஒருக்க ஓட்டிப் பாரு. லைன்லயே இருக்கேன்."

ஓடவிட்டான். பெயர் விழுந்தது, வயது விழுந்தது, ஊர் விழுந்தது. பொத்தான் அமுங்கியது. பச்சை வரி வந்தது. பிறகு டாக்டரின் பக்கம் திறந்தது. வட்டம் சுற்றியது, நின்றது.

"என்ன மாப்ள, சத்தத்தையே காணோம்? நல்லா இருக்குல்லா?"

"நல்லா இருக்கு," என்றான் சக்திகுமார். "பதறாமப் போ மச்சான்."

போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தான். திரையில் இரண்டு சன்னல்கள் அடுத்தடுத்துத் திறந்திருந்தன. இடது பக்கம் 'உங்கள் டோக்கன் பதிவானது' என்ற பச்சை வரி இன்னும் மறையவில்லை. வலது பக்கம் டாக்டரின் பட்டியல். அதில் ஒரு பெயரும் இல்லை.